துரியோதனனுக்கு மண் மிதிக்கும் வீட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எல்லா மதத்திலும் சடங்குகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டா, இல்லை வெறும் பழக்கமா?

கேட்டவர் வீட்டில் சமீபத்தில் காதுகுத்தோ கருமாதியோ நடந்திருக்கும். யாரோ ஒரு பெரியவர் "ஏன் எதுக்குன்னு கேக்காத, செய்" என்று அதட்டியிருப்பார். அந்த எரிச்சல் கேள்வியில் தெரிகிறது. எனக்கும் இந்தக் கேள்வி சுருக்கென்று படும், ஏனென்றால் என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதை என்னிடம் நக்கலாகக் கேட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், 2019 வரை வேலூர் மாவட்டம், என் அப்பாவுக்கு எப்போதும் வடார்க்காடுதான். ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள், அதாவது மகாபாரதக் கதையையே திருவிழாவாக நடத்துவார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்பவர்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம், அதாவது பீமன் துரியோதனனைக் கொல்லும் போர்க்களக் காட்சி. சாயங்காலம் தீமிதி. அந்தப் படுகளத்துக்கு மண்ணால் துரியோதனன் செய்வது எங்கள் வகையறா உரிமை. பீற்றிக்கொள்கிறேன் என்றால் ஆமாம், பீற்றிக்கொள்கிறேன்.

ஏரி மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துப் பதமாக்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் உருவம், தலையிலிருந்து கால் வரை நாற்பது அடிக்கு மேல் வரும். மீசைக்குக் கரி, கண்ணுக்குச் சுண்ணாம்பு, கிரீடத்துக்கு மஞ்சள். தொடையில் ஒரு குழி பறித்து, குங்குமம் கரைத்த தண்ணீரைக் கலயத்தில் ஊற்றி உள்ளே வைத்து, மேலே மெல்லியதாக மண் பூசிவிடுவோம். இந்தப் பூச்சுதான் வேலையே. கனமாகப் போனால் பீமன் வேஷக்காரர் எத்தனை அடி அடித்தாலும் உடையாது, ஜனம் சிரித்துவிடும். மெல்லியதாகப் போனால் வெயிலில் வெடித்து முன்கூட்டியே கசிந்துவிடும். என் பெரியப்பா விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

காலேஜ் சேர்ந்த வருஷம் மண் மிதித்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், இதுக்கெல்லாம் இன்னா அர்த்தம் பெரிப்பா என்று. "அர்த்தம் எங்கயும் ஓடாது, மண்ணு காயுது பாரு, மிதி" என்றார். பிற்பாடு பிரிட்ஸ் ஸ்டால் என்ற டச்சு அறிஞரைப் பற்றிப் படித்தேன். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய அக்னிசயன யாகத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். சடங்கு என்பது விதிகள்தான், அதற்கு அர்த்தம் கிடையாது, செய்வதுதான் முக்கியம் என்பது அவருடைய வாதம். பெரியப்பா சொன்னதில் பாதி அது.

மீதிப் பாதி படுகளத்தில் இருக்கிறது. பீமன் தொடையை உடைக்கிறார், சிவப்புத் தண்ணீர் பீய்ச்சுகிறது, பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கிறாள். அதோடு கதை முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் செல்போனை மடக்கிவிடுவார்கள். ஆனால் அப்புறம்தான் காந்தாரி வேஷக்காரர் துடைப்பமும் முறமுமாக வந்து, செத்துக் கிடக்கும் மகனைச் சுற்றிச் சுற்றி ஒப்பாரி வைப்பார். கூட்டத்திலிருக்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். என் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுவார். யாருக்காக? துரியோதனனுக்காக! டில்லியில் தசராவுக்கு ராவணனைக் கொளுத்துகிறார்கள், இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் தேதி, ராஜாவைக் கொல்லச் சதி செய்த கை ஃபாக்ஸ் என்பவனின் பொம்மையை எரிக்கிறார்கள், மெக்சிகோவில் ஈஸ்டருக்கு முந்தின நாள் யூதாஸ் பொம்மையை. எல்லா இடத்திலும் கைதட்டல்தான். எதிரியைக் கொன்றுவிட்டு உடனே அவனுக்காக அழவும் வைக்கிற சடங்கு எனக்குத் தெரிந்து எங்களுடையது. இதை யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. அத்தையிடம் கேட்டால் "பெத்தவ அழுவா இல்ல?" என்பார், அவ்வளவுதான். சிலர் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெல் குதிரில் போடுவார்கள். அவர்களுக்கு அது வேறு. அர்த்தம் ஆளுக்கு ஒன்று, செய்கை மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

இங்கே இரண்டு தரப்பும் கமெண்டில் வரும், தெரியும். மஞ்சள் கிருமிநாசினி, தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்று எல்லாவற்றுக்கும் அறிவியல் கண்டுபிடிக்கிறவர்களே, துரியோதனன் தொடைக்கு என்ன அறிவியல் சொல்வீர்கள்? இன்னொரு தரப்பு, பயத்தால்தான் சடங்கு என்பவர்கள். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூ கினி பக்கத்து டிரோபிரியாண்ட் தீவுகளில் பார்த்தாராம்: காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாது, ஆபத்தான கடலுக்குப் போகத்தான் மந்திரம். நல்ல வாதம். ஆனால் அந்தக் கணக்குப்படி போர்வெல் வந்ததும் எங்கள் ஊரில் மழைக்குப் பாரதம் வைப்பது குறைந்திருக்க வேண்டும். வசூல்தான் கூடியிருக்கிறது. சடங்கு எதை மாற்றுகிறது என்று பார்க்க வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அதே கல், அதே கல்யாண மண்டபம். மூலவர் இல்லாமல் பல நூற்றாண்டு கிடந்தது. "சாமியில்லாத கோயில்" என்று கிண்டலே உண்டு. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். சிற்பம் பார்க்கப் போனவர்கள் மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

ஊர் ஒற்றுமை என்று கதை விடப் போவதில்லை. சாமி ஊர்வலம் எந்தத் தெரு வரை வரும் என்பதில் எங்கள் ஊரிலும் பழைய அசிங்கம் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரு வருஷம் படுகளத்துக்கு முந்தின ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. துரியோதனன் மூக்கு கரைய ஆரம்பித்துவிட்டது. வழித் தகராறில் கோர்ட்டுக்குப் போயிருந்த இரண்டு குடும்பத்து ஆட்கள் ஒரே தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறார்கள்.

இப்போது எங்கள் பெரிய கவலை மண். ஏரியில் இரண்டு டிராக்டர் களிமண் எடுக்க ஒரு அலுவலகத்தில் மனு, இன்னொரு அலுவலகத்தில் சீல், "எதுக்கு மண்ணு?" என்று விசாரணை. பாலாற்றில் ராத்திரி முழுக்க மணல் லாரி போனபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆற்றில் கோரை முளைத்துக் கிடக்கிறது. காரியம் செய்ய வருபவர்கள் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சரி, இதைச் சொன்னால் நிறுத்த மாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அர்த்தம் புரியவில்லை என்பதற்காக ஒரு சடங்கை விட வேண்டாம். அதைச் செய்யும்போது யாரை நடுவில் உட்கார வைத்து நோகடிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியப்பா காரியத்தில் பெரியம்மாவுக்கு வளையல் உடைக்கும் சடங்கு வேண்டாம் என்று முதலில் சொன்னது ஊருக்கே ஒப்பாரி பாடும் அதே அத்தைதான். பங்காளிகளில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள். அடுத்த பாரதத்துக்கு மண் மிதிக்க வந்துவிட்டார்கள்.