ப்ளூகிராஸ் பாஞ்சோ கலைஞர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அதை வைத்துப் பிழைக்க முடிந்ததா?

ப்ளூகிராஸ் என்பது அமெரிக்காவின் கிராமத்து இசையில் ஒரு வகை, பாஞ்சோ அதில் வாசிக்கும் ஐந்து தந்தி வாத்தியம். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, கேட்கிற பைத்தியம் மட்டும் உண்டு. கேட்டுக்கேட்டு, வாசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படிக்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விரல் வேகம் ஒன்றை மட்டுமே நம்பி வசதியாக வாழ்ந்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள யாராவது கிடைத்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

எர்ல் ஸ்க்ரக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் வட கரோலினாவின் ஃப்ளின்ட் ஹில் கிராமத்தில் பிறந்தவர். நான்கு வயதில் அப்பா இறந்துபோனார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஷெல்பி பக்கம் நூல் மில்லில் மணிக்கு 40 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். 1945 டிசம்பரில், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலி இசை நிகழ்ச்சியின் மேடை ஏறினார். அதுவரை மேடையில் பாஞ்சோ என்றால் பெரும்பாலும் கோமாளி கையில் இருக்கும் வாத்தியம். நாலு ஜோக்கு சொல்லிவிட்டு நடுவில் கொஞ்சம் தட்டுவார்கள். இவர் சிரிக்கக்கூட இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு நகம் போன்ற உறை) மாட்டிக்கொண்டு, சுரங்களை மூன்று விரலுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்து வாசித்தார். ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை, அதை முறுக்கும் முளை கழுத்தின் பாதியில் இருக்கும். கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருக்க, மற்ற தந்திகளின் சந்தில் மெட்டு நுழைந்து நுழைந்து வரும். மூன்று விரல் பாணி அந்த வட்டாரத்தில் முன்பே இருந்ததுதான். ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நாடு முழுக்கக் கேட்க வைத்தது ஸ்க்ரக்ஸ்.

1948இல் மன்றோவை விட்டு விலகி, லெஸ்டர் ஃப்ளாட்டுடன் சேர்ந்து தனிக்குழு தொடங்கினார். அதே வருடம் லூயிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். என்னைக் கேட்டால் கதையின் முக்கியமான ஆள் லூயிஸ்தான். 1950களின் நடுவில் குழுவின் நிர்வாகத்தை அவர் கையில் எடுத்தார். நாஷ்வில்லில் ஒரு பெண் உட்கார்ந்து கச்சேரி பேசுவதும் ஒப்பந்தம் போடுவதும் அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முகப்புப் பாட்டுக்குக் கேட்டு வந்தபோது, கிராமத்து ஜனங்களைக் கேலி செய்வார்கள் என்று முதலில் முடியாது என்றுவிட்டார். முதல் பகுதியைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரின் அந்தப் பாட்டு 1963 ஜனவரியில் கன்ட்ரி இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இன்னொரு பக்கம் சோறு போட்டது மார்த்தா வைட் என்கிற மாவுக் கம்பெனி. விடிகாலை வானொலி நிகழ்ச்சி, ஊர் ஊராகக் காரில் போய்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி, எல்லாம் மாவு விற்பதற்காக. 1962 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தபோது கூட்டம் அந்த விளம்பரப் பாட்டைக் கேட்டுக் கத்தியது, இவர்களும் வாசித்தார்கள். கலைக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த மாவு இல்லாவிட்டால் குழுவே இருந்திருக்காது.

எல்லோருக்கும் லூயிஸ் கிடைக்கவில்லை. டான் ரெனோ ஸ்க்ரக்ஸுக்கு இணையான ஆள், சில விஷயங்களில் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். மன்றோ அவரைத்தான் 1943இல் முதலில் கூப்பிட்டார். அவரோ ராணுவத்தில் சேர்ந்து பர்மா போர்முனைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஸ்க்ரக்ஸ் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஸ்க்ரக்ஸ் விலகிய பிறகுதான் அந்த வேலை கிடைத்தது. அப்புறம் 1955இல் ஆர்தர் ஸ்மித் என்ற கலைஞரின் மெட்டு ஒன்றை ரெனோவும் ஸ்மித்துமாகப் பதிவு செய்தார்கள். 1972இல் ‘டெலிவரன்ஸ்’ என்ற ஹாலிவுட் படம் அந்த மெட்டை ‘டூயலிங் பாஞ்சோஸ்’ என்று உலகப் புகழ் ஆக்கியது, ஆனால் ஸ்மித்தின் பெயரைப் போடவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் உரிமையை வாங்கினார்.

மன்றோ குழுவில் ஸ்க்ரக்ஸுக்கு முன் இருந்த ஸ்ட்ரிங்பீன் கதை இன்னும் மோசம். சிரிக்க வைத்தே காசு சேர்த்த மனிதர், பெயர் டேவிட் ஏக்மன். பேங்கை நம்பமாட்டார், பணத்தை உடுப்பிலும் வீட்டிலும் ஒளித்து வைப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. 1973 நவம்பர் 10 அன்று ஆப்ரியில் வாசித்துவிட்டு வீடு திரும்பியவரையும் அவர் மனைவியையும், அந்தப் பேச்சை நம்பி வந்த திருடர்கள் சுட்டுக் கொன்றார்கள். தேடி வந்த பெரும்பணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1990களில் அந்த வீட்டுப் புகைபோக்கிக்குள் நோட்டுகள் கிடைத்தன, எலி கடித்து ஒன்றுக்கும் உதவாமல்.

ரால்ஃப் ஸ்டான்லி வேறு ரகம். வர்ஜீனியா மலைப்பகுதிக்காரர். சின்ன வயதில் அம்மா கேட்டாராம், பன்றி வேண்டுமா, பாஞ்சோ வேண்டுமா என்று. இரண்டும் ஐந்து ஐந்து டாலர், ஒன்றுதான் வாங்க முடியும். பையன் பாஞ்சோவைக் கேட்டான். வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான். 1966இல் அண்ணன் கார்ட்டர் இறந்த பிறகும் விடாமல் ஐம்பது வருடம் மேடை ஏறினார். கிராமி விருது வந்தது 2002இல், 75 வயதில். வேடிக்கை என்னவென்றால், விருது வாங்கிய அந்தப் பாட்டில் பாஞ்சோவே கிடையாது, வெறும் குரல்தான்.

உடம்பு என்ன பாடுபடும் என்றும் சொல்ல வேண்டும். கை நடுக்கம் வந்தால் இந்தத் தொழில் முடிந்தது. எடி ஆட்காக் அதற்காக 2008இல் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மயக்காமல், படுத்த வாக்கில் அவரைப் பாஞ்சோ வாசிக்கச் சொல்லி, நடுக்கம் நிற்கிற இடம் பார்த்து மின்முனையைப் பொருத்தினார்கள். பிறகு மறுபடியும் மேடைக்கு வந்தார்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. வாசித்து வருவதைவிடப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் பலருக்கு வரும்படி அதிகம், டோனி டிரிஷ்கா போன்ற பெரிய கைகளே இணையத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். பில் கீத் 1960களிலேயே சட்டென்று சுருதி மாற்றும் முளைகளைத் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பிடித்த உதாரணம் அலிசன் பிரவுன். ஹார்வர்டில் படித்து, யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ முடித்து, முதலீட்டு வங்கியில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு பாஞ்சோவைத் தூக்கினார். 1991இல் சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் சிறந்த பாஞ்சோ கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். நான்கு வருடம் கழித்து கணவருடன் சேர்ந்து காம்பஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இப்போது மற்றவர்களின் இசைத்தட்டுகளுக்கும் வரவு செலவு பார்ப்பது அவர்கள்தான்.