மட்டக்களப்பில் லினக்ஸ் பயனர் சந்திப்பு தொடங்கினால் முதல் நாள் என்ன செய்யலாம்?

நீண்ட உரை வேண்டாம், வருபவர்களின் கணினியில் லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளம்) நிறுவிக் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய லெப்டொப் வைத்திருப்பவர்களை அதோடு வரச் சொல்லுங்கள்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் நிறுவல் கோப்பு சுமார் 3 ஜிபி. ஒருவர் இறக்கினால் போதும். எல்லோருக்கும் பிரதி கொடுக்க உரிமம் அனுமதிக்கிறது. முதலில் அதைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் நிறுவலாம். அதற்குமுன் படங்களையும் பாடக் கோப்புகளையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும், இதில் மட்டும் அவசரமே கூடாது.

அப்புறம் தமிழ். தட்டச்சுக்கு உதவும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) பொதியைப் போட்டால் ரெங்கநாதன், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை அமைப்பும் கிடைக்கும்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வைத்தால் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களோடு வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.