வெட்னரி நர்ஸ் மேற்படிப்பு: வீட்டிலிருந்தே படித்து முடிக்க முடியுமா?

கேள்வி: லண்டன் புறநகரிலுள்ள செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றில் ஏழு ஆண்டுகளாகப் பதிவு பெற்ற வெட்னரி நர்ஸாக வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு இரவுப் பணி உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மயக்க மருந்துப் பிரிவில் எனக்கு ஆர்வம் அதிகம். இணையவழியில் மேற்படிப்பு படிக்கலாமென்று தேடினால் சான்றிதழ், பட்டதாரி டிப்ளமா, முதுகலை, அமெரிக்காவின் வி.டி.எஸ். என்று பல பெயர்கள் வந்து குழப்புகின்றன. எதை எடுப்பது? படித்து முடித்தால் இப்போது அனுமதியில்லாத வேலைகளையும் செய்ய முடியுமா?
— வாசகி, ஹாரோ

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அந்த எண்ணத்தோடு பணம் கட்டிவிட்டுப் பின்னால் மனம் சலித்தவர்களை எனக்குத் தெரியும். முடியாது. பிரிட்டனில் ஒரு வெட்னரி நர்ஸ் எதைச் செய்யலாம் என்பதை 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரையறுக்கிறது. மருத்துவரின் வழிகாட்டுதலின் பேரில் சிகிச்சை அளிக்கலாம். உடற்குழிக்குள் நுழையாத சிறு அறுவைச் சிகிச்சை செய்யலாம். மயக்க மருந்தைப் பொறுத்தவரை, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவைச் செலுத்தலாம், விலங்கைக் கண்காணிக்கலாம். ஆனால் மயக்கத்துக்கான பொறுப்பு மருத்துவருடையதே. நேற்றுப் பதிவு பெற்றவருக்கும் முதுகலை முடித்தவருக்கும் இந்த எல்லை ஒன்றுதான். மேற்படிப்பினால் மாறுவது, அந்த எல்லைக்குள் மருத்துவர் உங்களை நம்பி எவ்வளவு ஒப்படைக்கிறார் என்பது. சிக்கலான நோயாளிக்கு மயக்கத் திட்டம் வகுக்கும்போது "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் உங்களைப் பார்த்துக் கேட்பது சிறிய விஷயமல்ல, ஆனாலும் அது சட்டம் தரும் உரிமையல்ல.

இனிப் பெயர்கள். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். ஆர்.சி.வி.எஸ். எனப்படும் அரச கால்நடை அறுவை மருத்துவர் கல்லூரி, பெயரில் கல்லூரியாக இருந்தாலும் பாடம் நடத்துவதில்லை. 1844இல் அரச சாசனம் பெற்ற ஒழுங்குமுறை அமைப்பு அது, உங்கள் பதிவு இருப்பதும் அங்கேதான். ராயல் வெட்னரி காலேஜ் என்பது வேறு. 1791இல் லண்டனில் தொடங்கிய, பாடம் நடத்தும் கல்லூரி. இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தவறான இடத்துக்கு விண்ணப்பம் பற்றிக் கேட்டு எழுதியவர்களில் நானும் ஒருவர்.

ஆர்.சி.வி.எஸ். அங்கீகரிக்கும் மேம்பட்ட வெட்னரி நர்சிங் சான்றிதழ், முன்பிருந்த டிப்ளமாவின் இடத்துக்கு வந்தது. அதை நடத்துபவை பல்கலைக்கழகங்களும் பயிற்சி நிறுவனங்களும். இதைத் தவிர, பல்கலைக்கழகங்கள் தம் சொந்தப் பெயரில் பட்டதாரி டிப்ளமா, முதுகலைச் சான்றிதழ், முதுகலைப் பட்டம் ஆகியவற்றையும் பகுதிநேரமாக இணையவழியில் தருகின்றன. ராயல் வெட்னரி காலேஜ், கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இரண்டும் இந்த வழியில் நர்ஸுகளுக்குப் பாடம் நடத்திவருபவை. பாடத்திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால், நீங்கள் சேரும் ஆண்டில் எது அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஆர்.சி.வி.எஸ். தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வி.டி.எஸ். (வெட்னரி டெக்னீஷியன் ஸ்பெஷலிஸ்ட் என்ற சிறப்புத் தகுதி) பல்கலைக்கழகப் படிப்பே அல்ல. பல ஆண்டு அனுபவம், நோயாளிகளின் பதிவேடு, விரிவான நோயாளி அறிக்கைகள், திறன் பட்டியல் எல்லாவற்றையும் அனுப்பி, அவை ஏற்கப்பட்ட பிறகு தேர்வு எழுதும் முறை அது. பிரிட்டிஷ் நர்ஸுகளிலும் அந்தத் தகுதியைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பாடம் நடத்த ஆளில்லாமல் தனியே படிக்கும் மன உறுதி உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு படிப்புக்குத் திரும்பும் உங்களுக்கு முதல் படியாக அதை நான் சொல்லமாட்டேன்.

நேரத்தைக் கணக்கிடுங்கள். பிரிட்டிஷ் உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. முதுகலைச் சான்றிதழுக்கு 60 கிரெடிட், டிப்ளமாவுக்கு 120, முதுகலைப் பட்டத்துக்கு 180. எனவே 60 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். அதை இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பினால் வாரத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். விடுமுறையும் பிள்ளைகளின் காய்ச்சலும் வந்துபோகும் என்பதால் ஏழு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடிந்து வந்த காலையில் படிப்பேன் என்று மட்டும் அட்டவணை போடாதீர்கள். நான் அப்படிப் போட்டேன். மடிக்கணினியின் மேலேயே தூங்கினேன்.

இணையவழி என்ற சொல்லை நம்பி ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. பதிவு செய்யப்பட்ட விரிவுரையை எந்நேரத்திலும் கேட்கலாம், கலந்துரையாடலுக்கு வீட்டிலிருந்தே சேரலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மதிப்பெண் பெறப்போவது உங்கள் வார்டில் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதுவதற்கே. மயக்க மருந்துப் பாடத்தை எடுத்துவிட்டு, நாள் முழுவதும் தடுப்பூசிக்கும் நகம் வெட்டுவதற்கும் மட்டுமே ஆள் வரும் கிளினிக்கில் வேலை செய்தால் எழுதுவதற்கு என்ன இருக்கும்? ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மருத்துவமனையில் கடந்த மூன்று மாதங்களில் மயக்கம் கொடுக்கப்பட்ட விலங்குகளின் பதிவை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இளம் நாய், பூனைகளின் கருத்தடையாகவே இருந்தால், சிறுநீரக நோயுள்ள முதிய பூனையின் மயக்கத்தைப் பற்றி நீங்கள் எழுத நெடுநாள் காத்திருக்க நேரும். அதே மருத்துவமனையில் இரவு அவசரப் பிரிவு சுறுசுறுப்பாக இருக்கிறதென்றால், அவசர, தீவிர சிகிச்சைப் பாடமே உங்களுக்குக் கைகொடுக்கும். ஆர்வத்தைவிட நோயாளிகளின் பதிவேடு நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து; மாறுபடுகிறவர்களும் உண்டு.

அடுத்து, விண்ணப்பத்துக்கு முன்பே தலைமை நர்ஸிடமும் மருத்துவமனை நிர்வாகத்திடமும் பேசிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பணிநேரத்திலேயே படிக்க விடுவார்களா, நோயாளி விவரங்களைப் பெயர் நீக்கிப் பயன்படுத்த அனுமதி தருவார்களா, உங்கள் திறனுக்குச் சான்றளிக்க ஒரு மருத்துவர் முன்வருவாரா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை நிர்வாகம் ஏற்குமானால், எத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்திடும் முன் வாசியுங்கள். நிர்வாகம் கைமாறும்போது வாய்மொழி வாக்குறுதிகளும் காற்றோடு போய்விடுகின்றன.

கேள்வி: முதல் பாடம் தொடங்கிவிட்டேன். வார்டில் எனக்குப் பயமில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடவில்லை. "விமர்சன நோக்கில் ஆராய்க" என்று கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் மதிப்பெண் குறைகிறது. என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?
— வாசகர், லெஸ்டர்

பதில்: என் முதல் கட்டுரையின் ஓரத்தில் மூன்று இடங்களில் "அதனால் என்ன?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அன்று கோபம் வந்தது. இன்று அதைவிட நல்ல அறிவுரையை என்னால் உங்களுக்குத் தர இயலவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பல் பிடுங்குவதற்காக மயக்கத்தில் இருக்கும் 4 கிலோ பூனை. டி-பீஸ் எனப்படும் மூச்சுக் குழாயில் ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடுகிறது. மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் திரையில், மூச்சை உள்ளே இழுக்கும்போது பூஜ்யத்தைத் தொடவேண்டிய கோடு தொடாமல் சற்று மேலேயே நிற்கிறது. நீங்கள் ஆக்சிஜனைக் கூட்டுகிறீர்கள், கோடு கீழே இறங்குகிறது, பல் மருத்துவம் தொடர்கிறது. மொத்தம் ஐந்து விநாடி வேலை. அனுபவமுள்ள கை சிந்திக்காமலே செய்துவிடும்.

அந்த ஐந்து விநாடியை ஒரு பக்கமாக எழுதுவதுதான் இந்தப் படிப்பு. கோடு ஏன் இறங்கவில்லை? வெளிவிட்ட கரியமில வாயுவையே பூனை மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. ஏன்? டி-பீஸில் கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்பு கிடையாது. புதிதாக வரும் வாயுதான் பழையதைக் குழாயிலிருந்து தள்ளவேண்டும். நிமிட மூச்சளவைக் கிலோவுக்கு 200 மில்லி என்று கொண்டால் இந்தப் பூனைக்கு 800 மில்லி. டி-பீஸுக்கு அதன் இரண்டரை மடங்கு தேவையென்றால் 2 லிட்டர். நீங்கள் கொடுத்ததோ அதில் பாதி. இதுவரை எழுதினால் விளக்கம் முடிந்தது, விமர்சனம் இனிமேல்தான். அந்த 200 என்ற எண் எங்கிருந்து வருகிறது, அது எல்லாப் பூனைக்கும் பொருந்துமா? ஓட்டத்தைக் கூட்டியதால் குளிர்ந்த, உலர்ந்த வாயு அதிகம் சென்று உடல் வெப்பம் குறைந்திருக்குமா? சூத்திரத்தைப் பின்பற்றுவது நல்லதா, கேப்னோகிராஃபைப் பார்த்து ஓட்டத்தைச் சரிசெய்வது நல்லதா? உங்கள் மருத்துவமனையில் தொடக்க ஓட்டத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அடுத்த பூனைக்கு எதை மாற்றுவீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் எழுதும்போது ஓரத்தில் "அதனால் என்ன?" என்று எழுத அவர்களுக்கு இடமிருக்காது.

ஆதாரம் தேடத் தொடங்கும் முன் கேள்வியை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எந்த விலங்கு, எந்தச் செயல், எதனோடு ஒப்பிடுகிறீர்கள், எந்த விளைவைப் பார்க்கிறீர்கள். ஆர்.சி.வி.எஸ். நாலெட்ஜ் என்ற அறக்கட்டளையின் வெட்னரி எவிடென்ஸ் இதழில் இந்த முறைப்படி எழுதிய சுருக்கங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாலைந்தை வாசித்தாலே நடை பிடிபட்டுவிடும்.

வலியைப் பற்றி எழுதுகிறீர்களென்றால் "நாய் வசதியாக இருந்தது" என்று எழுதாதீர்கள். கிளாஸ்கோ வலி அளவுகோலின் சுருக்க வடிவத்தில் நாய்க்கு 24க்கு எத்தனை, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் வலி மருந்து குறித்து யோசிக்கவேண்டும். பூனைக்கு முகபாவ அளவுகோல் இருக்கிறது: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, 10க்கு 4 வந்தால் அதே யோசனை. எண் இல்லாமல் எழுதிய வார்டுக் குறிப்பிலிருந்து கட்டுரை பிறக்காது. ஆகையால் இன்றிரவுப் பணியிலிருந்தே நோயாளி அட்டையில் எண்களை நேரத்தோடு குறிக்கப் பழகுங்கள்.

கேள்வி: இவ்வளவு படித்தால் சம்பளம் கூடுமா? என் கணவர் கேட்கிறார்.
— வாசகி, ரெடிங்

பதில்: உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. சம்பளம் தானாக உயராது. பதிவைத் தக்கவைக்க ஆண்டுக்கு 15 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். இந்தப் படிப்பு அந்தக் கணக்கில் சேருமே தவிர, சம்பள அட்டவணையைக் கட்டாயமாக உயர்த்தும் விதி எதுவும் இல்லை. சிக்கலான நோயாளிகளை மற்ற மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் பரிந்துரை மருத்துவமனைகள், கற்பித்தல் பணிகள், தலைமை நர்ஸ் பொறுப்பு ஆகியவற்றுக்குப் போட்டியிடும்போது கைகொடுக்கும். இருக்கும் இடத்திலேயே இருந்தால் நீங்களாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். இந்தத் தொழிலின் பெயர்கூடக் கேட்டுப் பெற்றதுதான். 1961இல் பயிற்சி தொடங்கியபோது 'நர்ஸ்' என்ற பட்டம் மனிதர்களைக் கவனிப்போருக்கு உரியது என்பதால், விலங்குப் பராமரிப்புத் துணையாளர் என்றே அழைத்தார்கள். 1984இல்தான் வெட்னரி நர்ஸ் என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் விலங்கியல் பட்டம் பெற்று, கோவையில் ஒரு தனியார் செல்லப்பிராணி கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். பிரிட்டனின் இணையவழி மேற்படிப்பை இங்கிருந்தே முடித்துவிட்டு, அங்கு நர்ஸாகச் சேர இயலுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, இந்த வழியில் இயலாது. மேற்படிப்பு என்பது ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸுக்கு உரியது. பதிவுக்கு அது குறுக்குவழியல்ல. பதிவு பெற அங்கீகாரம் பெற்ற டிப்ளமா அல்லது பட்டம் வேண்டும். கோட்பாட்டுப் பாடத்தில் ஒரு பகுதி இணையத்தில் நடந்தாலும், நீண்ட மருத்துவமனைப் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் அதில் கட்டாயம்.

இந்தியாவில் இதற்கு நிகரான பதிவு பெற்ற நர்ஸ் என்ற நிலை இல்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பிரிவு 30இல், பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு மருத்துவச் சேவைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. "சர்வதேச வெட்னரி நர்ஸ் சான்றிதழ்" என்று சொல்லி ஆறு வார இணைய வகுப்புக்குப் பணம் கேட்பவர்கள் யாராவது அணுகினால், அந்தச் சான்றிதழ் எந்த நாட்டின் பதிவேட்டில் இடம்பெறத் தகுதி தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மகளுக்கு வெளிநாட்டு எண்ணம் உறுதியாக இருந்தால், அந்நாட்டில் முழுநேரப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதே நேர்வழி. அதுவரை இப்போதுள்ள கிளினிக்கில் எத்தனை மணி நேரம், எந்தெந்த விலங்குகளோடு, என்ன வேலை செய்தாள் என்பதை மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். சேர்க்கையின்போது அனுபவத்தைப் பற்றிக் கேட்டால் காட்ட அது உதவும்.