தொடங்கிய ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தலாமா?

கேள்வி: எழுபது வயதான என் தந்தையார் இன்ஃப்ளூயென்சா காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டதால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். முதல் நாளே ஆன்டிபயாடிக் ஊசி போடத் தொடங்கியவர்கள், மூன்றாம் நாள், ‘இது வைரஸ்தான்’ என்று நிறுத்திவிட்டார்கள். தொடங்கினால் முழு கோர்ஸையும் முடிக்க வேண்டும் என்றல்லவா கேட்டிருக்கிறோம்? பாதியில் நிறுத்தியது தவறில்லையா?
– வாசகி, நாமக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தவறில்லை. மூன்றாம் நாள் அவர்கள் மறுபடி யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மனநிறைவையே தருகிறது. பல வார்டுகளில் நடக்காமல் போவது அதுதான்.

முதல் நாள் ஊசி போட்டதற்கும் காரணம் உண்டு. மூச்சுத்திணறலோடு வரும் முதியவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது வைரஸால் வந்ததா பாக்டீரியாவால் வந்ததா என்று படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. இன்ஃப்ளூயென்சா புண்ணாக்கிய நுரையீரலில் நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் குடியேறும். 1918-ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயென்சா கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது இப்படிப் பின்தொடர்ந்து வந்த நிமோனியாதான். ஆகவே நிலைமை மோசமாக இருக்கும்போது, பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்குவது நியாயமே.

ஆனால் அது ஓர் ஊகத்தின் பேரில் தொடங்கிய மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மூக்கு, தொண்டைச் சளிப் பரிசோதனையின் முடிவும் இரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவும் கைக்கு வந்துவிடும். வைரஸ் உறுதியாகி, கல்ச்சரில் எதுவும் வளராமல், நோயாளியும் தேறிவந்தால், முடிப்பதற்கு அங்கே கோர்ஸ் என்று எதுவும் இல்லை. கோர்ஸை முடிக்கச் சொல்வது பாக்டீரியா நோய் இருப்பவருக்கு. அதிலும்கூட, நன்கு தேறிவரும் சாதாரண நிமோனியாவுக்கு இன்று ஐந்து நாள் மருந்தே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

இந்த மறுயோசனை இல்லாமல் போனதன் அளவை கோவிட் காலம் காட்டியது. 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 65 நாடுகளில் அனுமதிக்கப்பட்ட சுமார் 4.5 லட்சம் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனம், அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்ததையும், ஆனால் ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டதையும் கண்டறிந்தது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தரும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகளை அந்த உடலிலேயே வளர்த்துவிடலாம். முதியவர்களுக்கு இவ்விரண்டுமே ஆபத்தானவை என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

தந்தையார் வீடு திரும்பியபின், சளி மஞ்சளாக வருகிறது என்பதற்காக மட்டும் மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். வைரஸ் சளியும் மஞ்சளாகும். காய்ச்சல் தணிந்து தேறியவருக்கு மீண்டும் காய்ச்சல் ஏறினாலோ, மூச்சுவாங்கல் கூடினாலோ, மனக்குழப்பம் தென்பட்டாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கக்கூடும். அப்போது தொடங்கும் ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொல்லும் நாள்வரை விடாமல் கொடுங்கள்.