முதல் பைக் மீனைப் பிடிப்பதற்கு முன்: இங்கிலாந்தில் தொடங்குவோருக்கான கேள்வி பதில்

ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய பலர், இங்கிலாந்தில் குடியேறியபின் இங்குள்ள ஆறுகளிலும் கால்வாய்களிலும் வாழும் பைக் மீனைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கிறார்கள். நீண்ட உடலும், வாத்தின் அலகைப் போன்ற தட்டையான வாயும், பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான பற்களும் கொண்ட இந்த மீன் பார்ப்பதற்குத்தான் முரட்டு மீன். கரையேற்றியபின் அது எளிதில் வாடிச் சாகக்கூடியது. அதனால்தான் எப்படிப் பிடிப்பது என்பதற்குச் சமமாக, எப்படி உயிரோடு விடுவது என்பதையும் என் பதில்களில் வலியுறுத்தியிருக்கிறேன்.

ஆல்பர்ட்டனிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டருகே கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. நேரே போய்த் தூண்டில் போடலாமா?

கூடாது. உங்களுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். முதலாவது, அரசின் சுற்றுச்சூழல் முகமை வழங்கும் தூண்டில் உரிமம். பதின்மூன்று வயது நிறைந்த ஒவ்வொருவரும் அதை வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு அது இலவசம் என்றாலும் பதிவுசெய்து பெற்றாக வேண்டும். உரிமமின்றிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். இரண்டாவது, அந்த நீர்நிலைக்கு உரியவரின் அனுமதி. கால்வாய்களில் பெரும்பாலானவை கால்வாய் மற்றும் ஆறுகள் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் பல பகுதிகள் உள்ளூர்த் தூண்டில் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன. எந்தச் சங்கத்தின் பகுதி என்பதைக் கரையிலுள்ள பலகையில் பார்த்து, அதன் விதிகளை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள். பைக் பிடிப்பதையே தடுத்திருக்கும் நீர்நிலைகளும், குளிர்காலத்தில் மட்டும் அனுமதிக்கும் நீர்நிலைகளும் உண்டு.

குரோய்டனிலிருந்து ஒருவர்: எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பைக் உள்ளிட்ட நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதற்குச் சட்டத்தடை உள்ளது. பெரும்பாலான ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் அது பொருந்தாது. ஆனால் சட்டம் இடங்கொடுக்கிறது என்பதற்காகக் கோடையில் பைக்கைத் தேடிப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது; அந்த நிலையில் முழு வலிமையோடு போராடிக் களைத்த மீன், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் சற்று நேரத்தில் இறந்துவிடக்கூடும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர்: என்னென்ன வாங்க வேண்டும்? செலவைக் குறைக்க எதை விட்டுவிடலாம்?

முதலில் வாங்க வேண்டியவை கோலும் ரீலும் அல்ல. வாய் அகலம் 42 அங்குலம் உள்ள, ரப்பர் பூசிய அல்லது முடிச்சில்லாத கண்ணிகள் கொண்ட பெரிய கைவலை, மீனைக் கிடத்துவதற்கான மெத்தை விரிப்பு, பத்து முதல் பன்னிரண்டு அங்குல நீளமுள்ள ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கிகள் இரண்டு, தூண்டில் முள்ளையே வெட்டக்கூடிய வலுவான வெட்டுக் குறடு ஆகிய நான்கையும் முதலில் வாங்குங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்று பைக்குக்குத் தூண்டில் போடாதீர்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கோலிலும் ரீலிலும் குறையுங்கள். பழைய பொருளாக வாங்கினாலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

செத்த மீனை இரையாக வைத்துப் பிடிப்பதற்கு, பன்னிரண்டு அடி நீளமும் மூன்று பவுண்டு வளைவுத் திறனும் (கோலை வளைக்கத் தேவையான எடையின் அளவு) உள்ள கோலும், குறைந்தது பதினைந்து பவுண்டு தாங்கும் நைலான் நரம்பும் போதும். பின்னல் நரம்பு என்றால் முப்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது, ஐம்பது இன்னும் நல்லது. மெல்லிய நரம்பு அறுந்தால் நட்டம் நமக்கு மட்டுமல்ல, முள்ளோடு திரியும் மீனுக்கும்தான். போலி இரையை வீசி இழுத்துப் பிடிக்க விரும்பினால் ஏழு முதல் ஒன்பது அடி வரையுள்ள கோல் வசதியாக இருக்கும். கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே பிடிக்க விரும்பும் புதியவருக்கு நான் போலி இரையைத்தான் பரிந்துரைப்பேன். மீன் பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே மாட்டுவதால் முள்ளைக் கழற்றுவது எளிது.

அதே நண்பர்: கம்பி ட்ரேஸ் கட்டாயமா? தடித்த நரம்பு போதாதா?

கட்டாயம். ட்ரேஸ் என்பது நரம்புக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் கம்பித் துண்டு. பைக்கின் பல் தடித்த நைலானையும் அறுத்துவிடும். குறைந்தது பதினெட்டு அங்குல நீளமும் இருபத்தெட்டு பவுண்டு வலிமையும் உள்ள கம்பி ட்ரேஸைப் போலி இரைக்கும் செத்த இரைக்கும் ஒன்றுபோலப் பயன்படுத்துங்கள். கம்பி ஓரிடத்தில் முறுக்கேறிச் சுருண்டிருந்தால் அதை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.

ரெடிங்கிலிருந்து ஒருவர்: மீன் கடையில் வாங்கும் கானாங்கெளுத்தியும் மத்தியும் இரையாகுமா?

மிக நன்றாக ஆகும். இலங்கை நண்பர்கள் கும்பளா என்றும் சாளை என்றும் சொல்லும் மீன்வகைகள்தான் இங்கே காலங்காலமாக பைக்குக்கு இரையாக இருந்துவருகின்றன. அவற்றின் எண்ணெய் நீரில் பரவி வாடையால் மீனை இழுக்கிறது. கானாங்கெளுத்தியின் தோல் கடினம் என்பதால் தூர வீசினாலும் முள்ளில் நிற்கும். மத்தி உறைந்த நிலையில்தான் வீசத் தாங்கும். வெள்ளரிக்காய் மணம் வீசும் ஸ்மெல்ட் என்ற சிறுமீனும் தூண்டில் கடைகளில் உறைநிலையில் கிடைக்கும். பலமுறை பிடிபட்டுப் பழகிய மீன்கள் உள்ள நீரில் அது சிறப்பாக எடுபடும்.

செத்த இரைக்கான ட்ரேஸில் மேலும் கீழுமாக இரண்டு மும்முனை முட்கள் இருக்கும். இரையின் வால் அடியில் மேல்முள்ளையும், விலாவில் கீழ்முள்ளையும் பொருத்துங்கள். பைக் இரையைக் குறுக்காகக் கவ்வி, பின் தலைப்பக்கமாகத் திருப்பித்தான் விழுங்கும்; வாலைப் பிடித்து இழுக்கும்போது முட்கள் வாயின் ஓரத்தில் பதியும். மும்முனை முள்ளின் எதிர்முட்களை, அதாவது முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்களை, குறடால் நசுக்கிவிடுங்கள். மேல்முள்ளில் மட்டும் இரையைத் தாங்கும் ஒரு முனையின் எதிர்முள்ளை விட்டுவைக்கலாம்.

உயிருள்ள மீனை இரையாக வைப்பதற்கு இங்கிலாந்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்த நீரிலேயே பிடித்த மீனாக இருக்க வேண்டும், பல சங்கங்கள் அதையும் தடுத்துள்ளன. ஸ்காட்லாந்தில் அதற்கு முற்றாகத் தடை. புதியவர் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

மில்டன் கீன்ஸிலிருந்து ஒருவர்: நாள் முழுவதும் உட்கார்ந்தும் ஒரு கடிகூட இல்லை. இடம்தான் தவறா?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பைக் துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல. அதன் முதுகுத் துடுப்பு வாலுக்கு அருகே பின்னால் அமைந்திருப்பது, நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுவதற்காக. ஆகவே, மறைவும் இரையும் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். இலையுதிர்காலத்தில் நாணல் ஓரம், விழுந்த மரம், பாலத்தின் நிழல், கட்டிவைத்த படகுகளின் அடி ஆகியவை நல்ல இடங்கள். குளிர் முற்றியதும் சிறுமீன்கள் திரளாக ஆழத்துக்கும் படகுத்துறைகளுக்கும் ஒதுங்கும். அவற்றின் பின்னாலேயே பைக்கும் போகும். கால்வாயின் நீண்ட பகுதி வெறுமையாக இருக்க, ஒரு படகுத்துறையின் வாயிலில் மட்டும் பல மீன்கள் நிற்பது குளிர்காலத்தில் சாதாரணமாகக் காண்பது. ஆற்றில் நீரோட்டம் திரும்பிச் சுழலும் அமைதியான மூலைகளைப் பாருங்கள். தேம்ஸ் போன்ற ஆற்றில் நீர் ஏறி வேகமெடுக்கும்போது மீன்கள் அங்கேதான் ஒதுங்கும்.

எந்த இடத்திலும் அரைமணி நேரத்துக்கு மேல் இரை தீண்டப்படாமல் கிடந்தால் பத்துப் பதினைந்து அடி தள்ளி வீசுங்கள், அல்லது நடங்கள். விடியலும் அந்தி மங்கலும் சிறந்த வேளைகள். சேறு கலங்கி ஓடும் வெள்ளத்தில் வீட்டிலேயே இருப்பது நல்லது.

லெஸ்டரிலிருந்து ஒருவர்: தக்கை அசைந்ததும் உடனே சுண்டலாமா, மீன் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டுமா? ஊரில் விராலுக்கு நேரம் கொடுப்போம்.

இந்தப் பழக்கத்தை இங்கே மறந்தே ஆக வேண்டும். காத்திருந்தால் பைக் இரையை வயிற்றுவரை விழுங்கிவிடும்; பிறகு முள்ளைக் கழற்றுவது அதன் உயிரோடு விளையாடுவதாகும். தக்கை நகர்ந்ததும் கோலை எடுத்து, நரம்பு இறுகும்வரை ரீலைச் சுற்றி, மீனின் கனம் தெரிந்தவுடன் கோலைப் பின்னோக்கி உறுதியாக இழுங்கள். சில மீன்கள் தவறிப் போகும், போகட்டும். கோலை ஊன்றிவிட்டு நண்பரோடு பேசப் போவது, காருக்குள் உட்காருவது ஆகியவை சட்டப்படியே தவறு. இரை நீரில் இருக்கும்வரை கோல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

ஹேய்ஸிலிருந்து ஒருவர்: அந்தப் பற்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முள்ளை எப்படிக் கழற்றுவது?

விரிப்பை நனைத்து, மீனை அதன்மேல் முதுகுப்புறமாகவோ ஒருபக்கமாகவோ கிடத்துங்கள். உங்கள் கையும் ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த கை அதன் வழுவழுப்பான காப்புப் பூச்சைச் சுரண்டிவிடும். இடக்கை விரல்களை ஒன்றாகச் சேர்த்து, செவுள் மூடியின் ஓரத்தின்கீழ் நுழைத்து, மூடியின் உட்புறத்தை ஒட்டியே முன்னோக்கித் தாடையின் முனைவரை நகர்த்துங்கள். சிவந்த செவுள் இழைகளில் விரல் படக் கூடாது. அவற்றில் காயம் பட்டால் இரத்தம் நிற்பது அரிது. தாடையின் முனையில் எலும்பைப் பிடித்து மெல்ல உயர்த்தினால் வாய் தானாகத் திறக்கும். ஃபோர்செப்ஸால் முள்ளின் தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினால், எதிர்முள் நசுக்கப்பட்டிருப்பதால், எளிதாக வெளியே வரும்.

முள் உள்ளே போயிருந்தால் கம்பியை மெல்லத் தாங்கிப் பிடித்து, செவுள் திறப்பின் வழியாக ஃபோர்செப்ஸைச் செலுத்திக் கழற்ற முடியும். பிடிவாதமாக இழுக்காதீர்கள், வெட்டுக் குறடால் முள்ளையே துண்டித்து எடுங்கள். அடுத்த முள் வாங்க ஆகும் காசு, உயிரோடு திரும்பும் மீனின் முன் பெரிதல்ல. மீனை நீரில் விட்டு, அது தானாகத் துடுப்பசைத்துப் போகும்வரை நிமிர்த்திப் பிடித்திருங்கள். படம் எடுக்க விரும்பினால் எல்லாவற்றையும் முன்பே தயாராக்கி, இரு கைகளாலும் கிடைமட்டமாகத் தாங்கி, விரிப்புக்கு மேலேயே மண்டியிட்டு எடுங்கள். தாடையில் தொங்கவிட்டு எடுக்கும் படம் எனக்கு வேதனையையே தருகிறது.

சவுத்தெண்டிலிருந்து ஒருவர்: பிடித்த மீனைச் சமைக்கலாமா?

இங்கிலாந்தின் ஆறுகளில் நாள் ஒன்றுக்கு 65 செ.மீ. நீளத்துக்கு மேற்படாத ஒரு பைக்கை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நீருக்குரியவர் தடுத்திருந்தால் அதுவும் இல்லை. பெரும்பாலான சங்க நீர்நிலைகளில் எல்லா மீன்களையும் திருப்பி விட வேண்டும். சுவைக்கக் கூடிய மீன்தான், ஆனால் கவட்டை முட்கள் ஏராளம். மேலும், பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள். அவை குறைந்தால் அந்த நீரின் சமநிலையே குலைகிறது. ஆசைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் கடைக் கானாங்கெளுத்தியில் ஒன்றை இரைக்கு எடுத்துக்கொண்டு மற்றதைக் குழம்பு வையுங்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து ஒருவர்: எவ்வளவு பெரிதாக வளரும்? நோர்ஃபோக் போனால் பெரிய மீன் கிடைக்குமா?

வேல்ஸின் லேன்டெக்ஃபெத் நீர்த்தேக்கத்தில் 1992இல் பிடிபட்ட 46 பவுண்டு 13 அவுன்ஸ் மீன், பிரிட்டனின் சாதனையாக மூன்று பத்தாண்டுகளுக்கும் மேல் நின்றது. 2024இல் இங்கிலாந்தின் சியூ வேலி ஏரியில் அதைவிடக் கனமான ஒன்று பிடிபட்டது. ஜெர்மனியில் 1986இல் பிடிபட்ட 55 பவுண்டு 1 அவுன்ஸ் மீன் உலகச் சாதனையாகக் கருதப்படுகிறது. புதியவருக்கு ஐந்து பவுண்டு மீனே நிறைவான பரிசு. ஏரிகளும் ஆறுகளும் சேர்ந்த நோர்ஃபோக் பிராட்ஸ் பகுதி புகழ்பெற்ற இடம்தான். ஆனால் கடல் ஏறும் காலங்களில் உப்புநீர் உள்ளே புகுந்து அங்கே மீன்கள் சாவதுண்டு. அங்கே முதல் பயணம் போவதாக இருந்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள்.

வெம்ப்ளியிலிருந்து ஒருவர்: தனியாகப் போவது சரியா?

முதல் சில முறை வேண்டாம். குளிர்காலக் கரை வழுக்கும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் கார்பன் கோலைத் தூக்குவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இவற்றைவிட முக்கியமாக, முள்ளைக் கழற்றும் முறையை எழுத்தில் படிப்பதைவிட ஒருமுறை நேரில் பார்ப்பதே சிறந்தது. 1977இல் தொடங்கிய கிரேட் பிரிட்டன் பைக் மீன்பிடிப்போர் சங்கத்துக்கு நாடெங்கும் வட்டாரக் கிளைகள் உள்ளன. உங்கள் வட்டாரக் கிளையின் கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டு எழுதுங்கள். அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்கும்போது அருகில் மண்டியிட்டுப் பாருங்கள்; அடுத்த மீனில், அவர் பக்கத்திலிருக்க, நீங்களே செய்யுங்கள்.