பேரிடருக்குப் பிறகு பள்ளிப் பணம் என்ன ஆகும்? கலிபோர்னியா பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: காட்டுத்தீயால் எங்கள் பள்ளியை ஒரு வாரம் மூடிவிட்டார்கள். அந்த நாட்களுக்கான அரசுப் பணம் போய்விடுமா சார்?

பதில்: போகாது, ஆனால் தானாகவும் வராது. கலிபோர்னியாவில் பெயர்ப் பதிவை வைத்து அல்ல, சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் பணம் கணக்கிடுகிறார்கள். மூடிய நாளில் யாருடைய வருகையும் பதிவாகாது. அதனால் அந்தப் பணத்தை இழக்காமல் இருக்க, பள்ளி மாவட்டம் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஜே-13ஏ என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். பள்ளி வாரிய உறுப்பினர்கள் உறுதிமொழியோடு கையெழுத்திட, அது கவுண்டியின் (மாநிலத்தின் உட்பிரிவு) கல்விக் கண்காணிப்பாளர் வழியாக மாநிலக் கல்வித் துறைக்குப் போகும். பள்ளி திறந்திருந்தும் புகையால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்றால், அதற்கும் இதே படிவம்தான். இந்தச் சலுகையை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்று வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் கொடுத்தால்?

பதில்: கடிதம் கொடுத்தாலும், பிள்ளை வராத அந்த நாளுக்குப் பள்ளிக்குப் பணம் கிடையாது. 1998-99 முதல் இதுதான் விதி.

கேள்வி: குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டால்?

பதில்: வலிக்கும் இடம் இதுதான். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் காட்டுத்தீயில் எரிந்தபோது பிள்ளைகள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். மூடிய நாட்களுக்குத்தான் ஜே-13ஏ. திரும்பி வராத பிள்ளைக்கு அது உதவாது. தலைக்கணக்கு குறையும், செலவோ ஏறும்: தற்காலிக வகுப்பறை, தூரத்திலிருந்து அழைத்துவரும் பேருந்து, மனநல ஆலோசகர். இப்போது நடப்பாண்டு, முந்தைய ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த வருகையை மாவட்டங்களுக்குக் கணக்கில் எடுக்கிறார்கள். சரி, இது மூச்சுவிட நேரம் தரும். ஆனால் ஊர் மீண்டும் எழும்ப அதைவிட அதிக காலம் ஆகும். என்னைக் கேட்டால், பேரிடர் கண்ட ஊர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

கேள்வி: அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். சான்றிதழ்கள் எரிந்துபோயின. பள்ளியில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்த்தே ஆக வேண்டும். வீடிழந்து உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கும் மெக்கின்னி-வென்டோ என்ற கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும். தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் உடனே சேர்க்கணும். விரும்பினால் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தும் கேட்கலாம். மாவட்ட அலுவலகத்தில் இதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார்.

கேள்வி: இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு உதவுமா?

பதில்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்கினால்தான். கத்ரீனா புயல் 2005 ஆகஸ்டில் வந்தது. இடம்பெயர்ந்த மாணவருக்கு 6,000 டாலர் வரை, மாற்றுத்திறன் மாணவருக்கு 7,500 வரை தரும் சட்டம் டிசம்பரில்தான் நிறைவேறியது. அதுவரை சேர்த்துக்கொண்ட பள்ளிகள்தான் சமாளித்தன. அதனால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இடம்பெயர்ந்த பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். உதவி பிறகு வந்தால், அந்தப் பட்டியலை வைத்துத்தான் கேட்க முடியும்.