அமெரிக்காவில் பள்ளி, நூலகங்களுக்கான அரசு இணைய நிதியை நிறுத்திவிட்டார்களா?

பள்ளி, நூலகங்களின் இணையக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் ஈ-ரேட் திட்டத்தின் விதிகளை 2025இல் மாற்றிவிட்டார்களாமே, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் ஊர் நூலகத்திலும் இனி இணையம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். பள்ளிக் கட்டடத்துக்கும் நூலகக் கட்டடத்துக்கும் வரும் இணைப்புக்கான உதவியில் யாரும் கைவைக்கவில்லை. போனது இரண்டு: பள்ளிப் பேருந்தில் வைஃபை, பிறகு மாணவர்களும் நூலக வாசகர்களும் வீட்டுக்கு இரவல் வாங்கிப் போகும் ஹாட்ஸ்பாட், அதாவது கைபேசி சிக்னலிலிருந்து வைஃபை தரும் சிறு கருவி. 2025 செப்டம்பர் 30 அன்று எஃப்சிசி, அதாவது தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம், இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் இவற்றை நீக்கியது.

நான் ஓஹையோவில் ஒரு சிற்றூர்ப் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஈ-ரேட் விண்ணப்பங்களும் என் பொறுப்புதான். அதனால் இந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இது வரிப் பணமில்லை. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், குடியரசுக் கட்சியின் ஒலிம்பியா ஸ்னோவும் ஜனநாயகக் கட்சியின் ஜே ராக்கஃபெல்லரும் முன்னின்று சேர்த்த பிரிவு இது. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. அதை நம் பில்லில் ஒரு தனிக் கட்டணமாகப் போட்டு நம்மிடமே வாங்கிக்கொள்கின்றன. அந்த நிதியிலிருந்துதான் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கிறது. மதிய உணவுச் சலுகைக்குத் தகுதியான பிள்ளைகள் எவ்வளவு அதிகமோ, தள்ளுபடியும் அவ்வளவு அதிகம். நூலகத்துக்கென்று தனிக் கணக்கு கிடையாது; அது இருக்கும் பள்ளி மாவட்டத்தின் கணக்குதான் அதற்கும். மாதம் 1,000 டாலர் பில் வரும் நூலகத்துக்கு 80 சதவீதத் தள்ளுபடி என்றால், கையிலிருந்து போவது 200 டாலர். எங்களைப் போன்ற சிறிய நூலகங்களுக்கு மீதி 800 டாலர் என்பது குழந்தைகள் புத்தகம் வாங்குகிற பணம்.

இந்தத் திட்டத்தின் விதிகள் காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. 2014இல் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை தொலைபேசிக் கட்டணத்துக்கும் உதவி கிடைத்தது; அதை ஆண்டுக்கு 20 சதவீதப் புள்ளி வீதம் குறைத்து முடித்தார்கள். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்குள் வைஃபை அமைப்பதற்குத் திருப்பினார்கள். ஆண்டு உச்சவரம்பும் சுமார் 240 கோடி டாலரிலிருந்து 390 கோடி டாலராக உயர்ந்தது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் மடிக்கணினியைத் திறக்க முடிகிறதென்றால், அதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் இன்று அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த நாட்களில், துரித உணவுக் கடைகளின் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021இல் நாடாளுமன்றம் 717 கோடி டாலர் அவசர நிதி ஒதுக்கியது. அதில்தான் பல ஊர்களில் ஹாட்ஸ்பாட் இரவல் பெரிய அளவில் நடந்தது. அந்த நிதி 2024 ஜூனோடு முடிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், ஏழைக் குடும்பங்களின் வீட்டு இணையத்துக்கு மாதம் 30 டாலர் கொடுத்துவந்த இன்னொரு திட்டமும் பணம் தீர்ந்து நின்றது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அதில் இருந்தன.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் எஃப்சிசி 2023 அக்டோபரில் பேருந்து வைஃபையையும், 2024 ஜூலையில் ஹாட்ஸ்பாட் இரவலையும் ஈ-ரேட்டுக்குள் கொண்டுவந்தது. அள்ளி இறைக்கவும் இல்லை. கருவிக்கு 90 டாலர், மாத இணைப்புக்கு 15 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். யாரும் பயன்படுத்தாத இணைப்புக்குப் பணம் கிடையாது என்றார்கள். ஹாட்ஸ்பாட் இரவல் பதினைந்து மாதம்கூட நிலைக்கவில்லை.

நீக்கியவர்கள் சொல்லும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் வகுப்பறைகளையும் நூலகங்களையும் குறிப்பிடுகிறது. பேருந்தும் வீடும் இரண்டுமில்லை என்கிறார் ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார். வீட்டில் கண்காணிப்பில்லாமல் பிள்ளைகள் இணையத்தில் உலவுவார்கள் என்பது செனட்டர் டெட் குரூஸின் கவலை. அவர் முன்னெடுத்த எதிர்ப்புத் தீர்மானம் 2025 மே மாதம் செனட்டில் நிறைவேறியது. நிதியின் மேல் அழுத்தம் இருப்பதும் உண்மை. 2000ஆம் ஆண்டில் நிறுவனங்கள் கட்டிய பங்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. 2025இல் அது 36 சதவீதத்தைத் தாண்டியது. பில் கட்டுகிற சாதாரண மனிதருக்கு அது சுமைதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சுமைக்கு ஹாட்ஸ்பாட் காரணமில்லை. மக்கள் தொலைதூரத் தொலைபேசியை விட்டு இணையத்துக்குப் போய்விட்டார்கள். இணைய வருமானத்துக்குப் பங்கு கட்ட வேண்டியதில்லை என்ற விதி மட்டும் அப்படியே நிற்கிறது. கட்டுகிற வருமானம் சுருங்கச் சுருங்கச் சதவீதம் ஏறுகிறது. ஈ-ரேட்டின் ஆண்டு உச்சவரம்பு இன்று சுமார் 500 கோடி டாலர். வரும் விண்ணப்பங்கள் சில ஆண்டுகளாக அதற்குக் கீழேதான் இருக்கின்றன. பணம் போதவில்லை என்று சொல்லி இதை நிறுத்தியதாக யாரும் சொல்ல முடியாது.

சட்டத்தைப் பற்றிய வாதமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதே சட்டப் பிரிவு, பொதுச் சேவை என்பது வளர்ந்துகொண்டே போவது, ஆணையம் அவ்வப்போது அதை வரையறுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கல்வி நோக்கத்துக்காக என்றும் சொல்கிறது. இன்று ஆசிரியர் வீட்டுப்பாடத்தை இணையத்தில்தான் கொடுக்கிறார், அதைத் திருப்பி அனுப்புவதும் இணையத்தில்தான். வகுப்பு மூன்று மணிக்கு முடிகிறது, பாடம் முடிவதில்லை. கண்காணிப்பு பற்றிய கவலைக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது: 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நிதியில் இணையம் பெறும் பள்ளியும் நூலகமும் ஆபாசத்தைத் தடுக்கும் வடிகட்டி வைத்தாக வேண்டும். பள்ளி கொடுக்கும் மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வடிகட்டி வீட்டிலும் இயங்கும்.

எங்களிடம் ஹாட்ஸ்பாட் வாங்கிப் போகிறவர்கள் யாரென்று பார்த்தால், ஊருக்கு வெளியே கேபிள் வராத பக்கத்தில் டிரெய்லர் வீட்டில் இருக்கும் குடும்பங்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள், புதிதாகக் குடியேறியவர்கள். வாசலில் வந்து, “எப்போது திரும்பி வரும்?” என்று கேட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது பலர் அடுத்த முறைக்கும் பெயர் எழுதிவிட்டுத்தான் போவார்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது நேரத்தைப் பற்றித்தான். 2025 நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கிவிட்டது. அன்றைய விதியை நம்பி நூலகங்கள் நிறுவனங்களிடம் விலை கேட்கும் 470ஆம் எண் படிவத்தைப் போட்டு, 28 நாள் ஏலத்துக்குக் காத்திருந்து, விலை பார்த்து ஒப்பந்தம் முடித்து, நிதி கேட்கும் 471ஆம் எண் படிவத்தையும் அனுப்பியிருந்தன. மூன்று மாதம் கழித்து, நிலுவையில் இருந்த அந்த விண்ணப்பங்களை நிராகரிக்கச் சொன்னது ஆணையம். அடுத்த ஆண்டிலிருந்து கிடையாது என்று சொல்லியிருந்தால்கூட ஊர்கள் தயாராகியிருக்கும்.

நிதியே ரத்தாகுமோ என்ற பயத்தை நீங்கள் விட்டுவிடலாம். இந்த நிதி வசூலே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்ற வழக்கில், 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று நிதியின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டடத்துக்குள் வைஃபைக்கான ஐந்தாண்டு நிதிச் சுழற்சியும் 2026 ஜூலையில் புதிதாகத் தொடங்குகிறது. முதல் சுழற்சியில் மாணவருக்கு 167 டாலராக இருந்த வரம்பு இனி 200 டாலருக்குச் சற்று மேல்.

உங்கள் வீட்டில் இணையம் இல்லையென்றால், அல்லது அப்படி யாரையாவது தெரியுமென்றால், நூலகத்தில் நேரில் கேளுங்கள். பல நூலகங்கள் சொந்தப் பணத்திலும் நன்கொடையிலும் ஹாட்ஸ்பாட் இரவலைத் தொடர்கின்றன; வலைத்தளத்தில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கலாம். மூடிய பிறகும் வாகன நிறுத்தத்தில் வைஃபை எடுக்குமா என்றும் கேளுங்கள். பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போக முடிந்தால், வீட்டில் இணையமில்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்த ஆண்டு என்ன ஏற்பாடு என்று எழுந்து கேளுங்கள். பெற்றோர் கேட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறும், யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.